பயோபிரிண்டர் நாசிலுக்குள் ஓட்டத்தைக் கணக்கிடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பயோபிரிண்டிங்கில் (செல் கலந்த திரவத்தை நாசில் என்ற மெல்லிய முனை வழியே பிதுக்கி அச்சிடுவதில்) இறுதியாண்டு புராஜெக்ட் எடுக்கும் பிள்ளைகள் பலர் முதல் வாரத்திலேயே நாசிலைக் கணினியில் வரைந்து, சிமுலேஷன் ஓட்டி, நீலமும் சிவப்புமாக ஒரு படம் வரவழைத்துவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். "சரி, பிரிண்டரில் எவ்வளவு அழுத்தம் வைக்கலாம்?" என்று கேட்டால்தான் முழிப்பார்கள். படத்துக்குள் போன எண்கள் யாரோ எங்கேயோ அளந்தவை. சிரிஞ்சில் இருக்கும் திரவம் வேறு.

அதனால் இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் காகிதத்தில் கணக்கு, அடுத்து சொந்தத் திரவத்தை அளப்பது, கணினி கடைசியில். பிளஸ் டூ இயற்பியலும் மடக்கை பற்றிய அறிமுகமும் இருந்தால் போதும். புதுச்சேரி, கடலூர் பக்கம் இருந்து செய்பவர்களுக்கு வெயிலும் உப்புக் காற்றும் போர் தண்ணீரும் கணக்கில் வந்து மூக்கை நுழைக்கும். அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

திரவத்தின் குணம்

மருதாணிக் கோனை அழுத்தும்போது விழுது சுலபமாக வெளியே வருகிறது. கையில் விழுந்ததும் ஓடாமல் வரைந்த இடத்திலேயே நிற்கிறது. பயோஇங்குக்கும், அதாவது பயோபிரிண்டரில் அச்சிடும் திரவத்துக்கும், இதே குணம்தான் வேண்டும். நாசிலுக்குள் திரவத்தின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் வேகம் கூடக் கூட அதன் பாகுநிலை குறைகிறது. வெளியே வந்து சறுக்கல் நின்றதும் மறுபடி கெட்டிப்படுகிறது. ஆல்ஜினேட், ஜெலட்டின், ஹயலுரோனிக் அமிலம் போன்ற நீண்ட மூலக்கூறுகள் சறுக்கலில் ஓட்டத்தின் திசைக்கு நீண்டு ஒழுங்குபடுவது இதற்கு முக்கியக் காரணம்.

பக்கத்துப் பக்கத்து அடுக்குகளின் வேக வித்தியாசத்தை அவற்றின் இடைவெளியால் வகுத்தால் கிடைப்பது சறுக்கு வீதம். அலகு, "வினாடிக்கு இத்தனை". இதற்கும் சறுக்குத் தகைவுக்கும் (ஓர் அலகுப் பரப்பில் விழும் சறுக்கும் விசைக்கும்) உள்ள உறவைச் சொல்லும் மிக எளிய மாதிரி அடுக்கு விதி; இங்கே அடுக்கு என்பது கணக்கில் வரும் அடுக்கு, திரவத்தின் அடுக்கு அல்ல:

தகைவு = கெட்டிக்கெழு × (சறுக்கு வீதம்), அடுக்கு எண்ணுக்கு உயர்த்தியது

கெட்டிக்கெழு என்பது சறுக்கு வீதம் 1 ஆக இருக்கும்போது தகைவு எவ்வளவு என்பது. அடுக்கு எண் 1 என்றால் தண்ணீர், கிளிசரின் போன்ற சாதாரணத் திரவம். 1க்குக் கீழே போகப் போக இளகும் குணம் அதிகம். பயோஇங்க் பலவற்றுக்கு இது 0.2 முதல் 0.6 வரை எங்காவது நிற்கும். கீழே எல்லாக் கணக்குக்கும் ஒரே திரவத்தை எடுத்துக்கொள்கிறேன்: கெட்டிக்கெழு 30, அடுக்கு எண் 0.4, நீளம் மீட்டரிலும் தகைவு பாஸ்கலிலும். இது உதாரணத்துக்காக வைத்த எண். உங்கள் திரவத்துக்கு அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

காகிதத்தில் ஒரு பக்கம்

25 கேஜ் மழுங்கிய ஊசி என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 0.25 மி.மீ., நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. பிரிண்ட் தலை வினாடிக்கு 10 மி.மீ. நகர்கிறது. வெளியே வரும் இழை ஊசி விட்டத்திலேயே இருக்க வேண்டுமென்றால், ஊசிக்குள் சராசரி வேகமும் அதே 10 மி.மீ. இருக்க வேண்டும். குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம் வினாடிக்கு 0.49 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்குத் தோராயமாக 29 மில்லிகிராம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், தராசு எடுக்கும்போது தேவைப்படும்.

அடுத்து சுவரில் சறுக்கு வீதம். சாதாரணத் திரவம் என்றால் வேகத்தை 4ஆல் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் போதும்: 4 × 10 ÷ 0.125 = வினாடிக்கு 320. இளகும் திரவத்தில் சறுக்கல் சுவரோரம் குவிகிறது. ஆகவே இதை ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். மும்மடங்கு அடுக்கு எண்ணோடு 1 கூட்டி, நான்மடங்கு அடுக்கு எண்ணால் வகுத்தால் அந்தக் காரணி வந்துவிடும். 0.4க்கு 2.2 ÷ 1.6 = 1.375. ஆக, உண்மையான வீதம் வினாடிக்கு 440. ரபினோவிட்ச் திருத்தம் என்று இதைச் சொல்வார்கள். விட்டுவிட்டால் பெரிய ஆபத்தில்லை என்று சிலர் நினைப்பார்கள். அடுக்கு எண் 0.2 ஆனால் இந்தக் காரணி 2 ஆகிவிடும்.

440ஐ 0.4 அடுக்குக்கு உயர்த்தினால் 11.4. அதை 30ஆல் பெருக்கினால் சுவரில் தகைவு 342 பாஸ்கல்.

இனி அழுத்தம். நேரான குழாயில் எந்தத் திரவம் ஓடினாலும் விசைகளைச் சமன் செய்தால் ஒரே உறவுதான் கிடைக்கும்:

சுவர்த் தகைவு = அழுத்த இழப்பு × ஆரம் ÷ (2 × நீளம்)

திருப்பிப் போட்டால், 2 × 342 × 12.7 ÷ 0.125. ஏறக்குறைய 70 கிலோபாஸ்கல், அதாவது 0.7 பார். காற்றழுத்த பிரிண்டரின் டயலில் சாதாரணமாக வைக்கக்கூடிய எண்தான். ஒருவேளை உங்கள் கணக்கில் 40 பார் என்று வந்தால், திரவத்தைச் சந்தேகப்படுமுன் மில்லிமீட்டர், மீட்டர் குழப்பத்தைத் தேடுங்கள்.

ரெனால்ட்ஸ் எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். சுவரில் பாகுநிலை 342 ÷ 440, அதாவது 0.78 பாஸ்கல்-வினாடி; தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு கெட்டி. ரெனால்ட்ஸ் எண் 0.003 என்று வருகிறது. சுழலோட்டம் பற்றிய பேச்சே இங்கே இல்லை. மென்பொருளில் சுழலோட்ட மாதிரிகளின் பட்டியலைத் திறக்கக்கூட வேண்டாம்.

அடுக்கு எண் படுத்தும் பாடு

இந்தத் துறையில் புதியவர்கள் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது என்பது என் கருத்து. பாடப்புத்தகத்தில் படித்த பாய்சொய் சமன்பாட்டில் ஓட்டம் அழுத்தத்துக்கு நேர்விகிதம், ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். இளகும் திரவத்தில் இரண்டும் மாறுகின்றன. ஓட்டம் அழுத்தத்தின் (1 ÷ அடுக்கு எண்) அடுக்குக்கும், ஆரத்தின் (3 + 1 ÷ அடுக்கு எண்) அடுக்குக்கும் விகிதமாகிறது. நம் 0.4க்கு அழுத்தம் 2.5ஆம் அடுக்கு, ஆரம் 5.5ஆம் அடுக்கு.

இது நடைமுறையில் எப்படி வெளிப்படும் தெரியுமா? அழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் ஓட்டம் 27 சதவீதம் கூடும். அறைச் சூடு ஏறிக் கெட்டிக்கெழு 10 சதவீதம் குறைந்தால் ஓட்டம் 30 சதவீதம் கூடும். ஊசி விட்டத்தை ஒரு தயாரிப்பாளர் 0.25 என்றும் இன்னொருவர் 0.26 என்றும் போட்டிருப்பார்; அந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு மட்டும் ஓட்டம் 24 சதவீதம் மாறும். ஒரே கேஜ் எண் போட்ட இரண்டு கம்பெனி ஊசிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் முடிவுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஊசி முனையை நுண்ணோக்கியில் நேராக வைத்து விட்டத்தை அளந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அடுக்கு எண்ணிலேயே தப்பு வந்தால் இன்னும் மோசம். உண்மையில் 0.4 உள்ள திரவத்துக்கு நீங்கள் 0.3 என்று பொருத்தியிருக்கிறீர்கள், கெட்டிக்கெழு அதே 30 என்று வையுங்கள். மேலே செய்த கணக்கை 0.3க்குத் திரும்பச் செய்தால் அழுத்தம் 70க்குப் பதிலாக 40 கிலோபாஸ்கல் போதும் என்று வரும். பிரிண்டரில் 40 வைத்தால் எதிர்பார்த்ததில் கால் பங்குதான் வெளியே வரும். இழை அறுந்து அறுந்து விழும். ஆக, நாசிலைப் பத்து லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்துப் போட்ட சிமுலேஷனைவிட அடுக்கு எண்ணைச் சரியாக அளப்பதுதான் முக்கியம்.

அளப்பது: ரியோமீட்டர் கிடைத்தால்

ரியோமீட்டர் என்பது தட்டுகளுக்கு நடுவே திரவத்தை வைத்துச் சுழற்றி, எந்தச் சறுக்கு வீதத்துக்கு எவ்வளவு தகைவு என்று அளக்கும் கருவி. காலாப்பட்டில் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இந்தப் பகுதியில் கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. பாலிமர், உணவுத் தொழில்நுட்பம், மருந்தியல் துறைகளில் விசாரியுங்கள். பெயின்ட், ஆயின்மென்ட் தயாரிப்பவர்களிடமும் ரியோமீட்டர் இருக்க வாய்ப்புண்டு. போகும்போது "பாகுநிலை பார்க்கணும்" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த வீச்சில், எந்த வெப்பநிலையில் வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோங்கள்.

வீச்சு ஏன் முக்கியம்? நம் ஊசியில் சுவரில் வீதம் 440. ரியோமீட்டரில் 0.01 முதல் 50 வரை மட்டும் அளந்து, அந்தக் கோட்டை நீட்டி 440க்குக் கணக்குப் போடுவது பரவலாக நடக்கும் தவறு. வீச்சின் இரு முனைகளிலும் சரிவு மாறும் திரவங்கள் நிறைய. குறைந்தது வினாடிக்கு 1 முதல் 1000 வரை கேளுங்கள். மேல் எல்லையை நெருங்கும்போது தட்டின் ஓரத்திலிருந்து திரவம் பிய்ந்து வெளியே வரும்; வளைவு திடீரென்று கீழே விழும். அந்தப் புள்ளிகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடுங்கள்.

வழவழப்பான தட்டில் ஜெல் வழுக்கும். சொரசொரப்பான தட்டு கேளுங்கள். நீர் ஆவியாகி ஓரம் காயாமல் இருக்க மூடி போடச் சொல்லுங்கள். வீதத்தை ஏற்றிக்கொண்டே ஒரு தடவை, இறக்கிக்கொண்டே ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு வளைவும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லையென்றால் திரவத்துக்குக் காலத்தோடும் உறவு இருக்கிறது, நாசிலை விட்டு வந்தபின் கெட்டிப்பட நேரம் எடுக்கும் என்று அர்த்தம்.

வெப்பநிலை, பிரிண்டர் இருக்கும் அறையின் உண்மையான வெப்பநிலை. ஏசி அறையில் 25 டிகிரியில் அளந்துவிட்டு, மே மாதம் புதுச்சேரியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் 34 டிகிரியில் பிரிண்ட் செய்தால் இரண்டும் ஒரே திரவமே இல்லை. ஜெலட்டின் சேர்ந்த இங்க் என்றால் இன்னும் சிக்கல்: 25க்குக் கீழே அது ஜெல், 35ஐத் தாண்டினால் வெறும் கரைசல். சிரிஞ்சைச் சுற்றி வெப்பக் கட்டுப்பாடு இருந்தும் ஊசி வெளியே அறைக்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் மெல்லிய கம்பியை) ஊசியிலேயே ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, கரைசல் தயாரிப்பு. ஆல்ஜினேட் தூள் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் நீங்கள் எடை போடுவதில் ஒரு பங்கு தண்ணீர்தான். 3 சதவீதம் என்று எழுதிவைத்த கரைசல் உண்மையில் அதற்குக் குறைவு. சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாமல் வையுங்கள். கரைப்பதற்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் ஆல்ஜினேட்டை அங்கங்கே பிணைத்துக் கட்டி கட்டியாக்கும், ஊசி அடைக்கும். கேன் தண்ணீரும் வேண்டாம்.

ரியோமீட்டர் இல்லாவிட்டால்

பரவாயில்லை, ஊசியே ஒரு கருவி. 10 மில்லி சிரிஞ்ச், மழுங்கிய ஊசி, எடைக்கற்கள், நகைக்கடைகளில் வைத்திருப்பது போல மில்லிகிராம் காட்டும் தராசு, செல்போன் ஸ்டாப்வாட்ச். சிரிஞ்சைச் செங்குத்தாக ஸ்டாண்டில் மாட்டி, உலக்கைமேல் (சிரிஞ்சை அழுத்தும் தண்டின்மேல்) ஒரு தட்டு வைத்து எடை ஏற்றுங்கள். சிரிஞ்சின் உள்விட்டம் 14.5 மி.மீ. என்றால் ஒரு கிலோ எடை 59 கிலோபாஸ்கல் தரும். உங்கள் சிரிஞ்சின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

உலக்கையின் ரப்பர் உராய்வு சும்மா விடாது. ஊசியைக் கழற்றிவிட்டு, திரவத்தோடு உலக்கை மெதுவாக நகர எவ்வளவு எடை தேவை என்று பார்த்து, அதை ஒவ்வொரு அளவீட்டிலும் கழித்துவிடுங்கள். பாதி எடை உராய்வுக்கே போகிறது என்றால் சிரிஞ்சை மாற்றுங்கள்.

எடைகளை மாற்றி மாற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், மெதுவாக வந்தால் ஐந்து நிமிடம், சிறு குப்பியில் பிடித்து எடை போடுங்கள். குப்பியின் வாயை மூடி வையுங்கள். சில பத்து மில்லிகிராம் திரவம் மின்விசிறிக் காற்றில் கண்ணெதிரே வற்றிவிடும். பிறகு அழுத்தத்தின் மடக்கையைக் கிடை அச்சிலும் ஓட்டத்தின் மடக்கையை நெடு அச்சிலும் வைத்துக் கோடு போடுங்கள். அதன் சரிவைத் தலைகீழாக்கினால் அடுக்கு எண். எடை இரட்டிப்பானதும் ஓட்டம் 4 மடங்கு ஆனால் 0.5, 5.7 மடங்கு ஆனால் 0.4. பின்னாலேயே மேலே சொன்ன சூத்திரங்களில் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் போட்டுக் கெட்டிக்கெழுவை மீட்டெடுக்கலாம்.

இதில் ஒரு நன்மை உண்டு: நீங்கள் அளக்கும் சறுக்கு வீதமும் பிரிண்ட் செய்யும் வீதமும் ஒன்றேதான், கோட்டை நீட்ட வேண்டியதே இல்லை. சிரிஞ்சிலிருந்து ஊசிக்குள் நுழையும் இடத்தில் ஆகும் கூடுதல் இழப்பு மட்டும் இடிக்கும். அதே விட்டத்தில் அரை அங்குல ஊசி ஒன்று, ஓரங்குல ஊசி ஒன்று வாங்கி, ஒரே ஓட்டத்துக்கு இரண்டிலும் தேவைப்படும் அழுத்தங்களைக் கழித்தால் அது வெட்டுப்பட்டுப் போகும். மிச்சமிருப்பது அரை அங்குல நேர்க்குழாயின் இழப்பு மட்டும்.

விலையுயர்ந்த பயோஇங்கை வைத்துக்கொண்டு இதைப் பழக வேண்டாம். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவுவார்களே, அந்த ஜெல்லில் பழகுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் போனால் சர்ஜிக்கல் சாமான் விற்கும் கடைகளில் கேட்கலாம். கார்போமர் ஜெல் அது. இளகும் குணம் அபாரம், செல் எதுவும் சாகாது, கை கழுவினால் போய்விடும். உப்புத் தண்ணீர் மட்டும் கலந்துவிடாதீர்கள், உடனே நீர்த்துவிடும்.

எந்த மாதிரி?

அடுக்கு விதி போதுமா என்பதை உங்கள் வளைவே சொல்லும். மடக்கை வரைபடத்தில் நேர்கோடு என்றால் போதும். குறைந்த வீதத்தில் பாகுநிலை வளைந்து சமதளமாகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லும் கிராஸ் அல்லது காரோ மாதிரி. ஆல்ஜினேட் கரைசல்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு குறிப்பிட்ட தகைவு வரும்வரை அசையவே இல்லை என்றால் 1926இல் ஹெர்ஷலும் பல்க்லியும் கொடுத்த மாதிரி: அடுக்கு விதியோடு தொடக்கத் தகைவு என்று ஒன்றைக் கூட்டிக்கொள்வது. ஸ்கேன் ஜெல் இந்த வகை. தொடக்கத் தகைவு 50 பாஸ்கல் என்றால் நம் ஊசியில் 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே ஒரு துளியும் வராது. அழுத்தத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய் எங்கே முதல் அசைவு என்று பார்த்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்லா மாதிரிகளையும் பொருத்தி எதில் பொருத்தம் 0.999 என்று போட்டி வைப்பவர்கள் உண்டு. ஐந்து கெழுக்கள் இருந்தால் எதையும் பொருத்தலாம். உங்கள் நாசிலின் வீச்சில் குறைந்த கெழுக்களோடு பொருந்துவதை எடுங்கள்.

நேர் ஊசியா, கோன் நாசிலா

பிளாஸ்டிக் கோன் நாசிலைப் பார்த்திருப்பீர்கள். முனை அதே 0.25 மி.மீ., மேலே வாய் 4 மி.மீ. விட்டம், நீளம் 30 மி.மீ. என்று எடுத்து, சிறு சிறு வளையங்களாக நறுக்கி ஒவ்வொன்றின் அழுத்த இழப்பையும் கூட்டினால், அதே ஓட்டத்துக்கு 9 கிலோபாஸ்கல்தான் வருகிறது. நேர் ஊசிக்கு 70. ஒரு எக்செல் தாளில் நூறு வரிசை போட்டால் இந்தக் கணக்கு முடிந்துவிடும், செய்து பாருங்கள். இழப்பில் பெரும்பகுதி முனையின் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் என்பது கண்ணுக்குத் தெரியும்.

முனையில் சுவர்த் தகைவு இரண்டிலும் ஒன்றுதான், 342 பாஸ்கல். ஆனால் நேர் ஊசியில் அந்தத் தகைவைத் திரவம் சராசரியாக 1.27 வினாடி தாங்க வேண்டும். கோனில் முனையருகே கொஞ்ச நேரம்தான். செல் கலந்த இங்குக்குக் கோன் நல்லது என்று பலர் சொல்வது இதனால். ஒரு எச்சரிக்கை: ஊசிக்கு வைத்திருந்த 70ஐ மாற்றாமல் கோனை மாட்டினால், 2.5ஆம் அடுக்குக் கணக்குப்படி ஓட்டம் 150 மடங்குக்கு மேல் போகும். பெட்ரி தட்டில் குட்டிக் குளம் கட்டும்.

இப்போது கணினி

இலவசமாகக் கிடைக்கும் ஓட்டச் சிமுலேஷன் மென்பொருள்களில் ஓப்பன்ஃபோம் நல்லது. அடுக்கு விதி, கிராஸ், காரோ, ஹெர்ஷல்-பல்க்லி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நாசில் வட்டச் சமச்சீர் என்பதால் முழுக் குழாயை வரைய வேண்டாம். அச்சைச் சுற்றிச் சில டிகிரி அகலத்தில் ஒரு கீற்று, அகல வாக்கில் ஒரே ஒரு கட்டம். லேப்டாப்பில் ஓடும்.

புதியவர்கள் விழும் பள்ளம் இங்கே அடர்த்தி. அடர்த்தி மாறாத ஓட்டத்துக்கான தீர்வான்களில் (கணக்கைத் தீர்க்கும் நிரல்களில்) ஓப்பன்ஃபோம் பாகுநிலையையும் அழுத்தத்தையும் அடர்த்தியால் வகுத்தே கேட்கும். திரவத்தின் அடர்த்தி 1000 என்றால் கெட்டிக்கெழு 30 என்பதை 0.03 என்று கொடுக்க வேண்டும். 70 கிலோபாஸ்கல் என்பது 70 என்று திரும்பி வரும். இதைக் கவனிக்காமல் 30 என்றே போட்டுவிட்டு அழுத்தம் ஆயிரம் மடங்கு வருகிறது என்று புலம்புவது சகஜம்.

அடுத்து, பாகுநிலைக்கு உச்சவரம்பு. குழாயின் நடுவில் சறுக்கு வீதம் பூஜ்யம். அடுக்கு விதிப்படி அங்கே பாகுநிலை முடிவிலி. உச்சவரம்பு கேட்கும் இடத்தில் 1 என்று கொடுங்கள், அதாவது 1000 பாஸ்கல்-வினாடி. நம் திரவத்தில் வீதம் 0.003க்குக் கீழே போனால்தான் அது எட்டும், விடையைத் தொடாது. மிகப் பெரிய எண் கொடுத்தால் கணக்கு குவியாமல் அலையும். மிகச் சிறியது கொடுத்தால் திரவத்தின் குணமே மாறிவிடும்.

ஆரத் திசையில் 30, 40 கட்டங்கள், சுவரை நெருங்க நெருங்க மெலிதாக. வேலையெல்லாம் சுவரோரம்தான் நடக்கிறது.

முதலில் ஓட்ட வேண்டியது நேர் ஊசி. காகிதத்தில் விடை தெரிந்த கணக்கு அது. அழுத்தம் 70 கிலோபாஸ்கல், சுவர்த் தகைவு 342, நடுவில் வேகம் வினாடிக்கு 15.7 மி.மீ. வர வேண்டும், சாதாரணத் திரவத்துக்கு நடுவேகம் சராசரியின் இரு மடங்கு, இங்கே 1.57 மடங்குதான். இரண்டு சதவீதத்துக்குள் வராவிட்டால் கோன் பக்கம் போகாதீர்கள். கட்டங்களை இரட்டித்துப் பாருங்கள், அலகுகளைப் பாருங்கள். வந்தபின் கோன், அப்புறம் சிரிஞ்சிலிருந்து ஊசிக்கு நுழையும் திடீர்க் குறுகல். காகிதம் கைகொடுக்காத இடம் அந்தக் குறுகல்தான். கணினியின் மதிப்பும் அங்கேதான்.

இந்த மாதிரிகள் எதிலும் மீள்தன்மை கிடையாது. முனையை விட்டு வெளியே வந்ததும் இழை ஊசியைவிடப் பருத்தால் அதை இவை காட்டவே காட்டா. அது தேவைப்படும் கட்டத்தில் ஓப்பன்ஃபோமின் மேல் கட்டிய ரியோடூல் என்ற இலவசத் தொகுப்பைப் பார்க்கலாம். முதல் புராஜெக்டுக்கு அவசியமில்லை. கேமராவில் இழையின் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

செல்கள் வந்தால்

ஒரு மில்லிக்கு ஒரு கோடி செல், ஒவ்வொன்றும் 15 மைக்ரான் என்றால் அவை அடைக்கும் கனஅளவு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஐன்ஸ்டைனின் பழைய சூத்திரப்படி பாகுநிலை 4 சதவீதம் ஏறும். அற்பம்தானே என்று தோன்றும்; 2.5ஆம் அடுக்கில் அதுவே ஓட்டத்தில் 10 சதவீதக் குறைவு. செல் இல்லாமல் சரிசெய்து வைத்த அழுத்தம் செல் போட்டதும் கொஞ்சம் போதாமல் போவது இதனால்.

தகைவு எவ்வளவு வரை தாங்கும்? செல்லுக்குச் செல் மாறும். 2016இல் ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டில் 5 கிலோபாஸ்கலுக்குக் கீழே 96 சதவீதச் செல்கள் பிழைத்தன, 10ஐத் தாண்டியபோது 76 சதவீதம். நம் 342 பாஸ்கல் அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே. அதுவும் சுவரில்தான், தகைவு நடுவில் பூஜ்யத்தில் தொடங்கி நேர்கோடாக ஏறுகிறது. வேக வடிவத்தைக் கணக்கில் சேர்த்தால் 38 சதவீதச் செல்கள் உள்பாதி ஆரத்துக்குள்ளேயே போய்விடும், அவை படுவது 171க்கும் குறைவு. அறிக்கையில் "அதிகபட்சத் தகைவு" என்று ஒற்றை எண்ணைப் போடாமல் இந்தப் பங்கீட்டைப் போட்டால் உங்கள் உயிரியல் கூட்டாளிக்கு உதவும்.

சறுக்கலைவிட நீட்சிதான் கொல்கிறது என்றும் ஒரு கட்சி. 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் செல்களை ஊசி வழியே செலுத்திப் பார்த்தபோது, குறுகலில் நுழையும் இடத்தில் ஏற்படும் நீட்சி ஓட்டத்தையே முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். அதனால்தான் அந்த நுழைவாயிலைக் கணினியில் பார்க்கச் சொன்னேன்.

பிரிண்டரோடு ஒத்துப்பார்ப்பது

கணக்கிட்ட அழுத்தத்தை வைத்து ஒரு நிமிடம் வெளியே விட்டு எடை போடுங்கள். 29 மில்லிகிராமுக்கு 25 முதல் 33 வரை வந்தால் திருப்திப்படலாம். இதற்கு மேல் துல்லியம் ஊசி விட்டமும் அறை வெப்பமும் விடாது. இரட்டிப்பாகவோ பாதியாகவோ வந்தால் காரணம் தேட வேண்டும்.

எல்லா அழுத்தத்திலும் ஒரே மடங்கு அதிகம் என்றால் ஊசி விட்டத்தையும் வெப்பநிலையையும் பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் சுவரில் வழுக்கல். விட்டம் வேறான, ஆனால் நீளத்துக்கும் விட்டத்துக்கும் அதே விகிதம் உள்ள இன்னொரு ஊசியில் அளந்தால் உறுதியாகும், வழுக்கும் திரவம் மெலிந்த ஊசியில் கூடுதலாக இளகியதுபோல் நடிக்கும். குறைந்த அழுத்தத்தில் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றால் தொடக்கத் தகைவை விட்டுவிட்டீர்கள். முதல் சில வினாடி ஒன்றும் வராமல் திடீரென்று வந்தால், நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால், சிரிஞ்சில் காற்றுக் குமிழி; நிரப்பிய சிரிஞ்சை மெதுவாக மையவிலக்கியில் சுற்றுங்கள், செல் கலக்குமுன். நேரம் போகப் போக ஓட்டம் குறைந்துகொண்டே வந்தால் ஊசி முனையில் காய்ந்து அடைகிறது. ஏசி அறையின் காய்ந்த காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பிரிண்டுக்குப் பிரிண்டு இடைவெளியில் முனையை ஈரத் துணியில் வையுங்கள், ஆல்ஜினேட் என்றால் அந்தத் துணி காய்ச்சி வடித்த நீரில் நனைத்ததாக இருக்கட்டும்.